ரிக் வண்டியில் ஒரு போர்க்களம்

என் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்தார். திருச்செங்கோட்டில் இதைச் சொன்னால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வருடத்தில் பாதி நாள் வடக்கேதான் இருப்பார்கள். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று தண்ணீர் இல்லாத ஊராகப் பார்த்துப் போவார்கள். அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டதும் வண்டியோடு திரும்புவார்கள்.

என் கணவருடைய வண்டியில் மட்டும், வேறு எந்த வண்டியிலும் இல்லாத ஒன்று இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கப் போட்ட பலகைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் இரண்டு படைகள். கட்டை விரல் உயரம்கூட வராத உலோகச் சிப்பாய்கள், குதிரைக்காரர்கள், பீரங்கிகள். அதே மாதிரி இரண்டு படைகள் எங்கள் வீட்டு மாடியில், ஆறு பேர் சாப்பிட வாங்கிய மேசையின் மேலும் நின்றன. அவர் அங்கே ஒரு பிரிவை நகர்த்திவிட்டுப் போனில் சொல்வார். நான் இங்கே நகர்த்துவேன். பிறகு என் முறை. கணவனும் மனைவியும் இப்படியா குடும்பம் நடத்துவார்கள் என்று கேட்டால், நாங்கள் இப்படித்தான் நடத்தினோம்.

இந்த விளையாட்டு எங்களுக்கு வந்தது ஒரு பாயிடமிருந்து. சேலம் டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இளம் வயதில் வளைகுடா நாட்டில், பொம்மை ரயிலும் பொம்மைச் சிப்பாய்களும் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தவர். அந்தக் கடையின் வெள்ளைக்கார முதலாளிக்கு வெள்ளிக்கிழமை மதியம் எதிரே உட்கார்ந்து ஆட ஆள் வேண்டும். பாய் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் டேப்ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவர, பாய் ஒரு தகரப்பெட்டி நிறையச் சிப்பாய்களைக் கொண்டுவந்தார். சேலத்தில் அவருக்கு ஆட ஆள் கிடைக்கவில்லை. சிப்பாய்கள் கடைப் பரணில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். ஒரேயொரு குதிரைக்காரன் மட்டும் கல்லாப்பெட்டி மேல் பில்கள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தான்.

ரிக்குக்கு ஹோஸ் பைப் கிளாம்ப் வாங்கப் போன என் கணவர் அந்தக் குதிரைக்காரனைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். பாய் கடையை அரை மணி நேரம் மறந்துவிட்டாராம். அன்று சாயங்காலம் கிளாம்ப் வாங்காமல், கைநிறையச் சிப்பாய்களோடு வீட்டுக்கு வந்தார். கல்யாணமாகி எங்களுக்கு அப்போது மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ.

"பெரியவங்க ஆடுற ஆட்டமா இது?" என்று கேட்டேன்.

"செஸ்ஸு ஆடுனா மட்டும் பெரிய மனுசனா? இதுல மழை பேயும், சிப்பாய் பயந்து ஓடுவான், பீரங்கி சேத்துல சிக்கும். வந்து பாரு அம்மிணி" என்றார்.

நான் போகவில்லை. அவரும் பாயும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் உட்கார்ந்து ஆடுவார்கள். தொழுகிற வீட்டில் உருவங்கள் வைக்கக் கூடாது என்று பாயின் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஆட்டம் எப்போதும் எங்கள் வீட்டில்தான். பாய் தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். நான் டீயும் முறுக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கீழே வந்துவிடுவேன். மேலே தாயக்கட்டை உருளும் சத்தமும், "போச்சு, போச்சு!" என்கிற பாயின் குரலும் கேட்கும்.

என்னை உள்ளே இழுத்தது ஆட்டம் அல்ல, வண்ணம். சிப்பாய்கள் சாம்பல் நிற உலோகமாகத்தான் வருவார்கள். நாம்தான் வண்ணம் பூச வேண்டும். என் கணவர் பைப் ரெஞ்சு பிடிக்கிற கையால் பிரஷ்ஷைப் பிடித்து, ஒரு மைசூர்ச் சிப்பாயின் முகம் முழுக்க ஊதாவை அப்பியிருந்தார். நான் அம்மாபேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள். எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் நின்றால் எடுப்பாக இருக்கும் என்பது சோறு உண்ணத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பிரஷ்ஷைப் பிடுங்கி அந்த முகத்தைத் துடைத்தேன். மைசூர்ப் படையின் ஊதாச் சட்டையில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புலிக்கோடுகள் வர வேண்டும் என்று பாய் ஒரு படத்தைக் காட்டியிருந்தார். ஒற்றை முடிப் பிரஷ்ஷில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சட்டையை முடித்தேன். மறுநாள் இன்னொன்று. ஒரு பிரிவு முழுதும் முடிந்தபோது, அவர்களை எப்படி நகர்த்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நான் பூசியவர்களை வேறு யாரோ சாகக் கொடுப்பதா?

அப்படித்தான் மூன்றாவது நாற்காலி வந்தது.

ஆட்டம் கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆடினால் எளிது. மேசை ஒரு நிலம். தெர்மாகோலை வெட்டிக் குன்று, வடித்த டீத்தூளைக் காயவைத்துப் புழுதி, மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல். ஒவ்வொரு பிரிவும் ஒரு முறைக்கு இவ்வளவு தூரம்தான் போகலாம் என்று கணக்கு. என் ரவிக்கை தைக்கிற டேப்பால் அளப்போம். சண்டைக்குத் தாயக்கட்டை. ஒரு சமயம் பீரங்கிக் குண்டுகளுக்கு ஜவ்வரிசியைக் கறுப்பு மையில் தோய்த்துப் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் குவித்து வைத்தேன். பார்க்க அத்தனை அழகு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினால், வெள்ளைக்காரக் கம்பெனிப் படையின் குண்டுகளை எறும்புகள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு மைசூர்க்காரர்கள் நின்ற குன்று ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பாய் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எறும்பு மைசூர் பக்கம் சேர்ந்துடுச்சும்மா" என்றார்.

அந்த நாட்களில் சிரிப்பு நிறைய இருந்தது. அதை எழுதிவைக்க வேண்டும்போல் இருக்கிறது, ஏனென்றால் அதே வருடங்களில்தான் நாங்கள் ஒரு குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். ஈரோடு, கோயமுத்தூர், பிறகு சென்னை. மூன்று முறை நம்பிக்கை வந்தது, மூன்று முறையும் போயிற்று. மூன்றாவது முறை போனபோது மருத்துவர் இனி வேண்டாம் என்றார். ரயிலில் திரும்பி வரும்போது, சங்ககிரி மலைக் கோட்டை ஜன்னலில் வந்ததும் அவர், "அந்தக் கோட்டையை நாம மேசையில கட்டலாமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் பொங்கியது. பேச வேறு ஒன்றும் அவரிடம் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. "கட்டலாம்" என்றேன்.

கட்டினோம். அடுக்கடுக்காக ஏறும் மதில்களோடு, ஒரு மழைக்காலம் முழுக்க.

ஒரு முறை அவருடைய அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், கிருத்திகைக்குக் கோயிலுக்கு வந்தவர் மாடி ஏறி அறையைப் பார்த்துவிட்டார். அலமாரி முழுக்கச் சிப்பாய்கள், மேசையில் கோட்டை.

"புள்ளை இல்லாத ஊட்டுல பொம்மைக்கு மட்டும் கொறைச்சலே இல்லீங்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் சொன்னது சொன்னதுதான். நான் படியிறங்கிப் போய் அடுப்படியில் நின்றேன். அவர் அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து என்னை மாடிக்குக் கூப்பிட்டார். தாயக்கட்டைகளை என் கையில் வைத்தார். அன்று நாங்கள் பொழுது சாயும்வரை ஆடினோம். நான் அவரை முதல் முறையாக முழுசாகத் தோற்கடித்தது அன்றுதான். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், மன்னித்திருக்கவும் மாட்டேன்.

போன் ஆட்டம் அதற்கடுத்த தடவை அவர் வடக்கே கிளம்பும்போது தொடங்கியது. வாசலில் வண்டி நிற்கிறது, எலுமிச்சம்பழம் டயருக்கடியில் வைத்தாயிற்று.

"ஏனுங்க, நீங்க போயிட்டா நான் ஆறு மாசம் யாரோட ஆடுறது?" என்று கேட்டுவிட்டேன். பாய் மாதத்துக்கு ஒரு முறைதான் வர முடியும். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு அவர் தனியாக வரவும் மாட்டார், தன் மனைவியைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்.

என் கணவர் யோசித்தார். அன்றைக்குக் கிளம்பவில்லை. மறுநாள் ஒரு பலகை வாங்கி, மேசையில் இருந்ததைச் சின்னதாக்கி அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். என் மேசைக்கும் நூல் கட்டிக் கட்டம் பிரித்தார். மேலிருந்து கீழே எழுத்து, இடமிருந்து வலம் எண். போனில் எழுத்து சரியாகக் கேட்காது என்பதால் எழுத்துக்கு ஒரு சொல். க என்றால் கல்லு. ச என்றால் சட்டி. த என்றால் தறி. ப என்றால் பல்லி.

ரிக் ஓடத் தொடங்குவதற்கு முன், காலை டீ குடிக்கிற நேரத்தில் கூப்பிடுவார்.

"அம்மிணி, என்ர குதிரை பல்லி அஞ்சுக்கு வருது."

"வரட்டும். என் பீரங்கி கல்லு ஏழுல இருக்கு. உருட்டறேன், கேளுங்க."

எவர்சில்வர் தட்டில் தாயக்கட்டையை உருட்டுவேன். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கும். என்ன விழுந்தது என்று நான் சொல்வதை அவர் நம்புவார். அவர் சொல்வதை நான் நம்புவேன். டிரைவர் பக்கத்திலிருந்து, "பல்லி செத்துப்போச்சுங்களா அக்கா?" என்று கத்துவார். பதினைந்து வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தவர் அந்த டிரைவர். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர் என்றாலும் பேச்சு முழுக்கத் திருச்செங்கோடாகிவிட்டது.

கையில் படம் காட்டும் போன் வந்த பிறகும் நாங்கள் படம் அனுப்பிக்கொண்டதில்லை. அவர் போகிற இடங்களில் குரல் வருவதே பெரிய பாடு. அதோடு, குரலைக் கேட்டு மேசையில் நகர்த்துவதில் எங்களுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் அவருடைய பலகை எனக்குத் தெரிந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருடங்கள் போயின. சிப்பாய்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். பாய் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்குவார். பிறகு தபாலில் வரத் தொடங்கின. யானை கிடைக்காததால் நானே பைப் அடைக்கிற பசையைப் பிசைந்து யானைகள் செய்தேன். ஒன்றுக்குத் தும்பிக்கை கொஞ்சம் நீளமாகிவிட்டது. அலமாரி மூன்றாயிற்று. எனக்குக் கண்ணாடி வந்தது, பிறகு கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி. அவருக்குச் சர்க்கரை வந்தது. அந்த வருடத்தோடு வடக்கே போவதை நிறுத்தச் சொன்னேன். "இந்தத் தடவை மட்டும்" என்றார். அதற்கு முந்தின தடவையும் அதைத்தான் சொன்னார்.

கடைசி ஆட்டம் சங்ககிரி. அவர் மைசூர்ப் படையோடு கோட்டைக்குள் இருந்தார். நான் கம்பெனிப் படையோடு வெளியே. பொங்கல் கழிந்து தொடங்கியது, வெயில் ஏறிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இருந்தது மலைக்காட்டு ஊர். லைன் விட்டு விட்டு வரும். அங்கே காலை டீக்கு முன்பே ரிக்கின் கம்ப்ரஸரைப் போட்டுவிடுவார்கள்; பாதிச் சொல்லை அந்தச் சத்தம் விழுங்கும். "என்ன? தறியா, சட்டியா?" என்று இரண்டு பேரும் கத்துவோம். என் பெரிய பீரங்கிகளைக் கொண்டுபோய்க் கோட்டைக் கதவுக்கு நேரே நிறுத்தியிருந்தேன். அவர் வெளியே வந்தால் ஒரே முறையில் நாசம். அதனால் உள்ளேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று காலை குரல் தெளிவாகக் கேட்டது.

"நாளைக்குப் பாரு அம்மிணி. கோட்டைக் கதவைத் தொறந்துக்கிட்டு வெளியில வாரேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வாங்க வாங்க. சாவறதுக்கு அத்தனை அவசரமா?" என்றேன்.

அவரும் சிரித்தார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். போட்டேன் என்றார். வைத்துவிட்டோம்.

மறுநாள் காலை போன் வரவில்லை. வேலை நெருக்கடி என்று நினைத்து மாடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். மதியம் டிரைவர் கூப்பிட்டார். அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். பின்னால் கம்ப்ரஸர் சத்தம் இல்லை. அந்த அமைதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டவுனுக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

உடம்பு வந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் எழுத எனக்குத் தெம்பில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது. நங்கையா ஒரு மாதம் என்னோடு இருந்தார். என்னைக் குளிக்க வைத்ததும் ஊட்டிவிட்டதும் அவர்தான். மாடிக் கதவை யாரும் திறக்காமல் பார்த்துக்கொண்டதும் அவரே.

உடம்போடு வந்த டிரைவர், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வண்டியைக் கொண்டுவர மறுபடி வடக்கே போனார். வண்டி வாசலில் வந்து நின்ற அன்று, அவர் கேபினிலிருந்து ஒரு வெள்ளைத் துணி போர்த்திய பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். குழந்தையைத் தூக்கிவருகிறவர்போல் நிதானமாக நடந்துவந்து, வாசற்படியில் வைத்தார்.

"அக்கா, மொதலாளி வெச்சது வெச்ச மாதிரியே இருக்குதுங்க. ரோட்டுல குலுங்குனா எல்லாம் சாஞ்சு போயிருமுன்னு, பைப்புக்குப் போடுற பசையை வெச்சு ஒவ்வொண்ணா ஒட்டிப்போட்டனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

துணியை விலக்கினேன். ஒவ்வொரு சிப்பாயின் காலடியிலும் சாம்பல் நிறப் பசை உருண்டையாக ஒட்டியிருந்தது. நான் மாதக்கணக்கில் பூசிய பூட்ஸுகள் எல்லாம் அதற்குள் மூழ்கிப்போயிருந்தன. அந்த முரட்டு விரல்கள் இத்தனையையும் ஒட்ட எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்! "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றேன். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

பலகையை மாடிக்குக் கொண்டுபோய் மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். நூலில் என் கட்டங்கள், பென்சிலில் அவர் கட்டங்கள். இரண்டையும் ஒரு பார்வை பார்த்தேன். ஏதோ சரியில்லை. மறுபடி பார்த்தேன்.

இரண்டும் ஒன்றாக இல்லை.

என் மேசையில் அவருடைய குதிரைப்படை பாதி செத்துப்போயிருந்தது. அவர் பலகையில் அது முழுசாக நின்றது. நான் கைப்பற்றியதாக நினைத்த கிழக்குக் குன்றில், அவர் பலகையில் யாருமே இல்லை. என் பெரிய பீரங்கிகள் என் மேசையில் கதவுக்கு நேராகச் சட்டி வரிசையில் நின்றன. அவர் பலகையில் அவை தறி வரிசையில், மலையின் மறுபக்கம், எதையும் சுட முடியாத இடத்தில் நின்றன. கோட்டைக் கதவுக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை.

எங்கே தவறியது? கம்ப்ரஸர் சத்தத்தில் எந்தக் காலையில், எந்தச் சொல்? வண்டி குலுங்கிச் சரிந்ததை அவர் ஞாபகத்திலிருந்து நிறுத்தியிருப்பாரா? நான்தான் தப்பாக நகர்த்தினேனா? தெரியவில்லை. எத்தனையோ வாரமாக நாங்கள் ஒருவரோடு ஒருவர் ஆடுவதாக நினைத்துக்கொண்டு, அவர் ஒரு போரும் நான் வேறொரு போரும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம். சாவுக்கு அழாத அளவு அன்றைக்கு அழுதேன். இது என்ன பைத்தியம், பொம்மை இடம் மாறியதற்கா அழுகை என்று எனக்கே தோன்றியது. ஆனால் என்னிடம் மிச்சமிருந்தது அந்தக் காலைப் பேச்சுகள் மட்டும்தான். அவையும் பாதி என் காதில் விழவே இல்லை என்று இப்போது தெரிகிறதே.

பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். மனைவியோடு வந்தார். அவருக்கு அதற்குள் முழங்கால் போய்விட்டது. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று ஏறினார். பலகையையும் மேசையையும் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தார். விரலால் பின்னோக்கி நகர்த்திப் பார்த்து, எங்கே பிரிந்தது என்று கண்டுபிடிக்க முயன்றார். முடியவில்லை.

"ரெண்டு பேரும் தினமும் பேசிக்கிட்டீங்கல்லம்மா. அது நெசம்தானே? அது போதும்" என்றார்.

"போதலைண்ணா" என்றேன்.

அவர் மனைவி என் முதுகில் கை வைத்தார்.

பிறகு நான் என் மேசையைக் கலைத்தேன். அவருடைய பலகையைப் பார்த்து, ஒவ்வொரு கட்டமாக, அவர் கண்டிருந்த போரை என் மேசையில் நிறுத்தினேன். செத்த குதிரைகளை அலமாரியிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தேன். என் பீரங்கிகளைத் தறி வரிசைக்குத் தள்ளினேன். "நீங்க அவர் பக்கம் ஆடுங்க" என்று பாயிடம் சொன்னேன். பாய் தயங்கினார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையசைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். வந்தாலும் கீழேயே இருந்துவிடும் அவர், இத்தனை வருடத்தில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பாய் கதவைத் திறந்தார். மைசூர்க் குதிரைகள் வெளியே வந்தன. நான் விட்டுக்கொடுக்காமல் ஆடினேன். இருந்த காலாட்படையைத் திருப்பினேன், பீரங்கியை இழுத்துவரப் பார்த்தேன். தாயமும் எனக்குத்தான் நன்றாக விழுந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. டீ ஆறுவதற்குள் என் கூடாரம், என் கொடி எல்லாம் போயிற்று. அவர் போனில் கடைசியாகச் சொன்னது வெற்று வீறாப்பில்லை. அவர் பார்த்த நிலத்தில், வெளியே வருவதுதான் சரி. நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. "ஜெயிச்சிருக்காரு" என்றார் பாய், தாழ்ந்த குரலில். ஆமாம் என்றேன்.

அதோடு நான் ஆடுவதை விட்டுவிட்டேன். விட வேண்டும் என்று முடிவு செய்யவில்லை. கை போகவில்லை. பாய் இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார். அவருக்கும் கண்ணில் புரை விழுந்து, சேலத்தைவிட்டு அசைய முடியாமல் போனது. ரிக் வண்டியை விற்றாயிற்று. டிரைவர் நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் வியாபாரியிடம் லாரி ஓட்டுகிறார். தீபாவளிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். எனக்கும் வருமானம் வேண்டியிருந்ததால் மாடியை வாடகைக்கு விட்டேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அலமாரிகள் கீழே என் படுக்கையறைக்கு வந்தன. நடக்க இடமில்லை. ஒட்டிய பலகையை மட்டும் பீரோவுக்கு மேல் வைத்தேன்.

சிப்பாய்களைக் கொடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னது பாய்தான். "பூட்டி வெச்சா மை உதிர்ந்துடும்மா" என்றார். அவருக்குத் தெரிந்த யார் மூலமாகவோ பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி காரில் வந்தார்கள். இருவரும் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பையன் ஒரு புலிக்கோட்டுச் சட்டைக்காரனைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரு ஆன்ட்டி பெயிண்ட் பண்ணது?"

"நான்தான்."

அவன் மனைவியும் வாங்கிப் பார்த்தாள். "இதைப் போய் யாராவது வெச்சு ஆடுவாங்களா? கண்ணாடிக்குள்ள வைக்கணும்" என்றாள்.

ஆடுவதற்குத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர்கள் அத்தனை மரியாதையாக, ஒவ்வொன்றையும் டிஷ்யூ காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். தும்பிக்கை நீண்ட யானையை எடுத்தபோது மட்டும், அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்தேன். காலியான அலமாரித் தட்டுகளில், சிப்பாய்கள் நின்ற இடம் மட்டும் தூசி படியாமல் வட்ட வட்டமாகத் தெரிந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன்.

போன மாதம் அந்தப் பெங்களூர்ப் பெண் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கண்ணாடி அலமாரியாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். மேசை. சுற்றிலும் நாலைந்து இளவட்டங்கள், கையில் டேப். நடுவில் என் மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்கின்றன. எதிரே, பச்சைத் தோலும் கோரைப் பல்லுமாக ஏதோ அரக்கர் கூட்டம். "ரூல்ஸ் நாங்களே மாத்திட்டோம் ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க" என்று கீழே எழுதியிருந்தாள்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒருவனுக்கு முழங்கையில் வண்ணம் உரிந்திருந்தது. ஆடுகிறார்கள்தான். அதை எப்படிச் சரிசெய்வது, ஊதாவில் எவ்வளவு நீலம் கலக்க வேண்டும் என்று அவளுக்குப் பதில் எழுதினேன். அரக்கர்களை விட்டுவிடாதீர்கள் என்றும் எழுதினேன்.